‘100% மட்கும்’ குப்பைப் பை: ஏழு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

ஏழு மாதங்களாக எங்கள் வீட்டில் பயன்பட்டுவரும் குப்பைப் பையைப் பற்றியது இந்த மதிப்புரை. நடுத்தர அளவு, இளம்பச்சை நிறம், ஒரு சுருளில் முப்பது பைகள். உறையின் முகப்பில் ‘100% மட்கும்’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். அதன் கீழே ஓர் இலையும் ஒரு நீர்த்துளியும் ‘பூமியின் நண்பன்’ என்ற வாசகமும் உள்ளன. பக்கவாட்டில் ஒன்றையொன்று துரத்தும் மூன்று அம்புகளுடன் ‘30% மறுசுழற்சிப் பொருள்’ என்ற குறிப்பும், பின்புறத்தில் ‘கார்பன் நடுநிலைத் தயாரிப்பு’ என்ற வட்ட முத்திரையும் இருக்கின்றன. அதே அலமாரியில் அடுக்கியிருந்த சாதாரணக் கறுப்புப் பையைவிட விலை ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்தக் கூடுதல் தொகையை மனமாரத்தான் கொடுத்தேன். தயாரிப்பாளரின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் அளித்த நுகர்வோர் புகார் இன்னும் முடிவாகாமல் இருப்பது ஒரு காரணம், இதே சொற்களைத் தாங்கிய வேறு உறைகளையும் அதே அலமாரியில் பார்த்தேன் என்பது இன்னொரு காரணம்.

முதலில் பையைப் பையாகவே பார்த்துவிடலாம். அந்த வகையில் குறை சொல்ல ஏதுமில்லை. சுருளிலிருந்து இழுத்தால் துளைக்கோட்டில் நேராகக் கிழிகிறது. ஈரக் குப்பையை இரண்டு நாள் வைத்திருந்தாலும் கசிவதில்லை. அடிப்பக்க ஒட்டு ஒருமுறைகூடப் பிரியவில்லை. வாயைக் கட்டுவதற்கு இரண்டு காதுகள் விட்டிருப்பது வசதியாக இருக்கிறது. இவை அனைத்தையும் அந்தக் கறுப்புப் பையும் செய்யும் என்பதால், நான் கொடுத்த இரண்டாவது மடங்கு விலை பைக்கானது அல்ல, உறையில் இருந்த சொற்களுக்கானது. எனவே இந்த மதிப்புரையின் பெரும்பகுதி அந்தச் சொற்களைப் பற்றியே அமைகிறது. பையின் உறுதியைச் சோதிப்பதுபோல உறையின் வாசகத்தையும் சோதித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதுவும் விற்கப்பட்ட பொருளின் பகுதிதான்.

மட்குதல் என்றால் மண்ணோடு மண்ணாவது. பேச்சில் மக்குதல் என்கிறோம். சருகு மட்கும், சாணம் மட்கும், மரத்தூள் மட்கும். மட்கியபின் அதைக் கையில் எடுத்து இது முன்பு என்னவாக இருந்தது என்று சொல்ல முடியாது, எருவாகிச் செடிக்குள் போய்விடும். கிழிவதும் நொறுங்குவதும் பொடிவதும் மட்குவது ஆகா. தலைமுறை தலைமுறையாக இந்தப் பொருளைச் சுமந்துவந்த சொல் என்பதால்தான், அதை ஓர் உறையில் காணும்போது நாம் மேற்கொண்டு எதையும் கேட்காமல் நம்பிவிடுகிறோம். வேதியியல் பெயர் ஒன்றை அச்சிட்டிருந்தால் கூகுளில் தேடிப் பார்த்திருப்பேன். ‘மட்கும்’ என்பதைத் தேடிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

ஐயம் வந்தது மூன்றாவது மாதத்தில்தான். எங்கள் தெருவில் குப்பை எடுக்கும் தூய்மைப் பணியாளர், இந்தப் பச்சைப் பைகளைத் தாங்கள் பிளாஸ்டிக்கோடுதான் ஒதுக்குகிறோம் என்றும், பார்த்தாலும் தொட்டாலும் வேறுபாடு தெரிவதில்லை என்றும் சொன்னார். அன்றே ஒரு பையிலிருந்து கையகலத் துண்டுகள் சிலவற்றை வெட்டியெடுத்தேன். ஒரு துண்டை மொட்டைமாடித் தொட்டியில், செடிக்குப் போடும் மட்கிய உரத்துக்கு நடுவே, ஒரு காகிதத் துண்டும் காய்ந்த இலைகளும் சேர்த்துப் புதைத்தேன். இன்னொரு துண்டை வெயில் படும்படி சுவரில் கட்டித் தொங்கவிட்டேன். மண் காயாமல் நீர் விட்டுவந்தேன். நான்கு மாதம் கழித்துத் தோண்டியபோது காகிதத்தையும் இலையையும் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. பைத் துண்டு முழுதாக வந்தது. கழுவியபின் இழுத்துப் பார்த்தேன், புதிய பையின் வலு அப்படியே இருந்தது. அதன்மேல் ‘மட்கும்’ என்று அச்சிட்டிருந்த எழுத்தும் படிக்கும்படியாகவே இருந்தது. வெயிலில் தொங்கிய துண்டோ விரல் பட்டதும் செதில் செதிலாக உதிர்ந்தது. உதிர்ந்த செதில்களைச் சிறு கண்ணாடிக் குப்பியில் நீர் ஊற்றிப் போட்டு வைத்திருக்கிறேன். அவை கரையவுமில்லை, பாசி பிடித்ததைத் தவிர வேறு மாற்றமும் இல்லை.

ஒரு வீட்டுத் தொட்டியில் நான்கு மாதம் நடந்ததை வைத்து ஒரு தயாரிப்பைக் குற்றம் சாட்டக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதையே முறையாகச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஆக்ஸோ வகைப் பைகள் (விரைவில் நொறுங்கும்படி உலோக உப்பு கலந்த பாலித்தீன் பைகள்), ‘உயிரிச்சிதைவு’ என்று விற்கப்பட்ட பை, எருவாகும் பை, சாதாரண பாலித்தீன் பை ஆகியவற்றை மண்ணிலும் கடல்நீரிலும் திறந்த வெளியிலும் மூன்று ஆண்டுகள் வைத்துப் பார்த்தார்கள். திறந்த வெளியில் வைத்தவை எல்லாம் ஒன்பது மாதத்துக்குள் துண்டுகளாகிவிட்டன. மண்ணிலும் கடலிலும் மூன்று ஆண்டுகள் கிடந்தபின்னும் ஆக்ஸோ பைகளும் ‘உயிரிச்சிதைவு’ பையும் சாதாரணப் பையைப் போலவே பொருள்களைச் சுமக்கும் நிலையில் இருந்தன. எருவாகும் பை கடல்நீரில் மூன்று மாதத்துக்குள் மறைந்துவிட்டது. மண்ணிலோ 27 மாதங்களுக்குப் பின்னும் இருந்தது, சுமை தாங்கும் வலு மட்டும் போய்விட்டது. மெய்யாகவே எருவாகக்கூடிய பைக்கும் இடம் முக்கியம் என்பதை இந்த முடிவு காட்டுகிறது.

அந்த இடத்தைத்தான் தரநிலைகள் வரையறுக்கின்றன. ஈ.என். 13432 என்ற ஐரோப்பியத் தரநிலையின்படி, தொழில்முறை எருவாக்கத்துக்கு உகந்தது என்று சொல்லிக்கொள்ளும் பொருள் பன்னிரண்டு வாரத்தில் இரண்டு மில்லிமீட்டர் சல்லடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தங்காதபடி சிதைய வேண்டும். ஆறு மாதத்துக்குள் அதன் கரிமத்தில் குறைந்தது 90 விழுக்காடு நுண்ணுயிர்களால் கார்பன் டைஆக்சைடாக மாற வேண்டும். கன உலோகங்கள் வரம்புக்குள் இருக்க வேண்டும். விளைந்த எருவில் செடி முளைத்து வளர வேண்டும். சோதனை நடக்கும் வெப்பநிலை 58 டிகிரி செல்சியஸை ஒட்டியது. பெரிய எருக்களங்களின் குவியல் அந்தச் சூட்டை எட்டும், வீட்டுத் தொட்டி எட்டாது. வீட்டுச் சூழலுக்கென்று ஆஸ்திரேலியாவின் ஏ.எஸ். 5810 போன்ற தனித் தரநிலைகள் இருக்கின்றன. என் கையில் இருந்த உறையில் இவற்றில் எந்த எண்ணும் இல்லை. பின்புறத்தின் அடிவரியில், கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க வேண்டிய அளவில், ‘தகுந்த சூழலில்’ என்ற இரண்டு சொற்கள் மட்டும் இருந்தன. முகப்பில் நூறு விழுக்காடு என்று கொடுத்த வாக்கு, இந்த இரண்டு சொற்களில் திரும்பப் பெறப்படுகிறது.

இதைவிட என்னைத் திகைக்க வைத்தது, உறையின் இரண்டு கூற்றுகள் ஒன்றோடொன்று மோதுவதுதான். எருவாகும் பைகள் பெரும்பாலும் பாலிலாக்டிக் அமிலம், மாவுச்சத்து, பி.பி.ஏ.டி. என்ற மட்கும் வகைப் பிளாஸ்டிக் போன்றவற்றின் கலவையால் ஆனவை. பழைய பிளாஸ்டிக்கைச் சேகரித்து உருக்கி மீண்டும் பையாக்கும் தொழில் பெரும்பகுதி பாலித்தீனைச் சார்ந்தது. ஆகவே ஒரு குப்பைப் பையில் 30 விழுக்காடு மறுசுழற்சிப் பொருள் இருக்கிறது என்றால், அது பாலித்தீன் பையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பாலித்தீன் என்றால் மட்காது. மட்கும் பை என்றாலோ, மறுசுழற்சிக்குப் போகும் பாலித்தீனோடு அது கலந்தால் அந்தக் குவியலையே கெடுக்கும் என்பதால், மூன்று அம்புகளை அதன்மேல் அச்சிட்டிருக்கக் கூடாது. இரண்டும் நல்ல சொற்கள் என்பதால் இரண்டையும் சேர்த்துப் போட்டுவிட்டார்கள் என்றே கருத வேண்டியிருக்கிறது. தூய்மைப் பணியாளர் கையில் அந்தப் பை போய்ச் சேரும்போது, எதை எங்கே ஒதுக்குவது என்ற சுமை முழுவதும் அவர்மேல் விழுகிறது.

தயாரிப்பாளருக்கு எழுதினேன். பை எந்தப் பொருளால் ஆனது, எந்தத் தரநிலையின்படி எங்கே சோதிக்கப்பட்டது, எந்தச் சூழலில் எத்தனை நாளில் மட்கும் என்று மூன்று கேள்விகள். முதல் பதில் ஒரே நாளில் வந்தது. சுற்றுச்சூழலில் நான் கொண்டுள்ள அக்கறையைப் பாராட்டியதோடு அது முடிந்துவிட்டது. இரண்டாவது பதில் இரு வாரம் கழித்து வந்தது. தங்கள் தயாரிப்புகள் சர்வதேசத் தரத்துக்கு உட்பட்டவை என்றது, எந்தத் தரம் என்று சொல்லவில்லை. மூன்றாவது முறை கேட்டபோது, பாலித்தீனோடு ஒரு சேர்மானம் கலக்கப்படுகிறது என்றும், அது பிளாஸ்டிக்கின் சிதைவை விரைவுபடுத்துகிறது என்றும் எழுதி, ஆய்வறிக்கை ஒன்றின் சுருக்கப் பக்கத்தை இணைத்திருந்தார்கள். சோதனை பாதியில் நிறுத்தப்பட்டு, மீதி அதே வேகத்தில் தொடரும் என்ற கணிப்பின் பேரில் முடிவு எழுதப்பட்டிருப்பதை அந்த ஒரு பக்கத்திலிருந்தே அறிய முடிந்தது. வேகம் தொடரும் என்பதற்கு ஆதாரம் எதுவும் அதில் இல்லை. இத்தகைய சோதனைகளில் எளிதில் சிதையும் பகுதி முதலில் தீர்ந்து, பிறகு வேகம் விழுந்துவிடுவது இயல்பு. வாடிக்கையாளர் சேவையைப் பொறுத்தவரை ஒன்றைக் குறிப்பிட வேண்டும்: கடிதம் எழுதிய அலுவலர் கடைசிவரை மரியாதையாகவே பதில் சொன்னார். அவருக்கும் அந்தச் சுருக்கப் பக்கத்துக்கு மேல் எதுவும் தரப்படவில்லை என்றே தோன்றியது.

இரும்பு, மாங்கனீசு, கோபால்ட் போன்ற உலோகங்களின் உப்புகளைப் பாலித்தீனில் கலந்து, வெயிலும் காற்றும் பட்டால் அதை விரைவில் நொறுங்கச் செய்வது ஆக்ஸோ முறை. என் மாடிச் சுவரில் தொங்கிய துண்டு அப்படித்தான் நொறுங்கியது. நொறுங்கியது கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்துப்போகுமே தவிர இல்லாமல் போய்விடாது. திரட்டியெடுக்கக்கூடிய ஒரு பையைத் திரட்டியெடுக்க முடியாத நுண்துகளாக்குவதை நான் ஒரு நன்மையாக எண்ணவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் இந்த வகைப் பிளாஸ்டிக்கைச் சந்தைப்படுத்துவதை 2021 ஜூலையிலிருந்து தடை செய்தது.

30 விழுக்காடு மறுசுழற்சிப் பொருள் எங்கிருந்து வருகிறது என்றும் கேட்டிருந்தேன். உற்பத்தியின்போது மிஞ்சும் ஓரத்துண்டுகளை வீணாக்காமல் மீண்டும் உருக்கிச் சேர்க்கிறோம் என்று பதில் வந்தது. நல்ல நடைமுறைதான், செலவைக் குறைக்கும் எந்தத் தொழிற்சாலையும் செய்வதுதான். ஆனால் நிறுவனங்கள் தாமே சொல்லிக்கொள்ளும் சுற்றுச்சூழல் கூற்றுகளுக்கான ஐ.எஸ்.ஓ. 14021 தரநிலை, ஒரு செயல்முறையில் உண்டான துணுக்கை அதே செயல்முறையில் மீண்டும் இடுவதை மறுசுழற்சிப் பொருளாகக் கணக்கில் கொள்ளக் கூடாது என்று தெளிவாகவே விலக்குகிறது. மறுசுழற்சி என்ற சொல்லைப் படிக்கும் நாம், யாரோ பயன்படுத்தி எறிந்ததை யாரோ பொறுக்கியெடுத்து மீட்டதாகவே எண்ணிக்கொள்கிறோம். இந்தப் பையில் அப்படிப் பொறுக்கியெடுக்கப்பட்டது ஒரு துண்டுகூட இல்லை.

கார்பன் நடுநிலை முத்திரையைப் பற்றிய விளக்கம் நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கிறது. தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் செலவாகும் மின்சாரத்துக்கும் எரிபொருளுக்கும் கணக்குப் பார்த்து, அதற்கு ஈடாக மரம் நடும் திட்டம் ஒன்றின் கார்பன் வரவுகளை, அதாவது அந்த மரங்கள் ஈர்ப்பதாகக் கணக்கிடப்படும் கார்பனுக்கான சான்றுகளை, வாங்கியிருக்கிறார்கள். எண்ணெயிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும் பாலித்தீனைத் தயாரிக்கும்போது வெளியாகும் வாயுக்கள் அந்தக் கணக்கில் இல்லை. ஒரு பிளாஸ்டிக் பையின் கார்பன் சுமையில் பெரும்பகுதி மூலப்பொருளிலேயே இருக்கும்போது அதை வெளியே விட்டுவிட்டு, முத்திரையை மட்டும் ‘தயாரிப்பு’ முழுவதுக்கும் போட்டிருப்பது சரியல்ல. மரம் நடுவதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நட்ட மரம் வளர்ந்து கார்பனைச் சேர்க்கப் பல பத்தாண்டுகள் ஆகும், அதற்குள் காய்ந்தோ எரிந்தோ வெட்டுப்பட்டோ போகலாம்; ஆலையிலிருந்து இன்று வெளியாவதோ இன்றே காற்றில் கலந்துவிடுகிறது. ஈட்டு வரவுகளை மட்டும் நம்பி ஒரு பொருளைக் கார்பன் நடுநிலை என்று விளம்பரப்படுத்துவதை, ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறைவேற்றிய நெறிமுறை, 2026 செப்டம்பர் 27 முதல் தடை செய்யும்படி வகுத்திருக்கிறது.

இலைக்கும் நீர்த்துளிக்கும் ‘பூமியின் நண்பன்’ என்பதற்கும் அதிக இடம் தேவையில்லை. அவற்றை யாரும் வழங்கவில்லை, உறையை வடிவமைத்தவர் வரைந்தார். சரிபார்க்க வழியில்லாத இத்தகைய பொத்தாம்பொதுவான சொற்களைத் தவிர்க்க வேண்டும் என்று அதே ஐ.எஸ்.ஓ. தரநிலையும், அமெரிக்க வணிக ஆணையம் 1992இல் முதன்முதலாக வெளியிட்ட பசுமை வழிகாட்டிகளும், இந்தியாவின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களும் ஒரே குரலில் சொல்கின்றன. ஐரோப்பிய ஆணையம் 2020இல் நடத்திய ஆய்வில், பார்வையிட்ட சுற்றுச்சூழல் கூற்றுகளில் 53 விழுக்காடு தெளிவற்றவையாகவோ தவறாக வழிநடத்துபவையாகவோ ஆதாரமற்றவையாகவோ இருந்தன. நான் ஏமாந்தது என் கவனக்குறைவால் மட்டும் அல்ல என்ற சிறு ஆறுதலை இந்த எண் தந்தது. அதே எண் பெரும் கவலையையும் தந்தது.

குப்பைப் பையில் இது புதிதும் அல்ல. 1990இல் அமெரிக்க மாநிலங்கள் சில, மொபில் கெமிக்கல் நிறுவனத்தின் ஹெஃப்டி பைகள் ‘சிதையக்கூடியவை’ என்று விற்கப்பட்டதை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. வெயிலும் காற்றும் பட்டால் உடையும்படி அவற்றில் சேர்மானம் கலந்திருந்தது. குப்பைப் பைகள் போய்ச் சேரும் புதைகுழியிலோ வெயில் கிடையாது. 2025 ஏப்ரலில் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம், ‘50% கடல் பிளாஸ்டிக்’ என்று விற்கப்பட்ட கிளாட் பைகளுக்காகக் குளோராக்ஸ் நிறுவனத்துக்கு 82.5 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அந்தப் பிளாஸ்டிக் கடலிலிருந்து எடுக்கப்படவில்லை. இந்தோனேசியாவில் கரையிலிருந்து 50 கிலோமீட்டர் தொலைவு வரையிலான ஊர்களில் சேகரிக்கப்பட்டது. இரண்டு வழக்குகளுக்கும் இடையே முப்பத்தைந்து ஆண்டுகள். வாங்குபவரின் நல்லெண்ணம் எங்கே இருக்கிறதோ அங்கே சொல் ஒன்று போய் நிற்கிறது; முன்பு சிதைவு, பிறகு கடல், என் உறையில் மட்குதல்.

நேர்மையாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள் என்பதை எழுதாமல் விட்டால் இந்த மதிப்புரை நியாயமற்றதாகிவிடும். தரநிலை எண்ணையும் சான்றளித்த அமைப்பின் பெயரையும் உரிம எண்ணையும் அச்சிட்டு, ‘தொழில்முறை எருக்களத்தில் மட்டும்’ என்று முகப்பிலேயே எழுதும் பைகள் உள்ளன. ஈரக் குப்பையைத் தனியே சேகரித்து எருக்களத்துக்குக் கொண்டுபோகும் ஏற்பாடு உள்ள இடத்தில் அவற்றுக்கு உண்மையான பயன் இருக்கிறது. அந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் அவையும் புதைகுழிக்குத்தான் போகும்; காற்றில்லாத ஆழத்தில் சிதைந்தால் மீத்தேனை உண்டாக்கும். புதைகுழிக்குப் போகும் பொருளை நிபந்தனையின்றிச் சிதையக்கூடியது என்று சொல்லக் கூடாது, வழக்கமான முறையில் எறிந்தபின் ஓராண்டுக்குள் முழுமையாகச் சிதைந்தால்தான் சொல்லலாம் என்று அமெரிக்க வழிகாட்டிகள் வகுத்திருக்கின்றன. சோதனைக்குச் செலவு செய்து, எல்லையையும் ஒப்புக்கொண்டு விற்பவரின் பை, எதையும் ஒப்புக்கொள்ளாத ‘100%’ பையின் பக்கத்தில் சிறியதாகத் தெரிகிறது. எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இதுதான். நானும் அன்று அந்த அலமாரியில் பெரிய எழுத்தைத்தான் எடுத்தேன்.

பயன்பாட்டுக்கு நல்ல மதிப்பெண், உறையின் வாசகங்களுக்கு எதுவும் இல்லை என்பதே என் கணிப்பு. உறுதியான குப்பைப் பை மட்டும் தேவைப்படுபவர் பாதி விலையில் கறுப்புப் பையை வாங்கலாம்; இரண்டும் போய்ச் சேரும் இடம் ஒன்றே. மட்கும் பை வேண்டுபவர் முதலில் தம் ஊரில் எருக்களம் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு, பிறகு உறையில் தரநிலை எண்ணைத் தேடுவது நல்லது. எண் இல்லையென்றால் வைத்துவிடலாம். எங்கள் வீட்டில் ஈரக் குப்பைக்குப் பையே வேண்டாம் என்று முடிவு செய்து, மூடியிட்ட வாளியில் சேர்த்து நேரே மாடியில் உள்ள எருத்தொட்டியில் கொட்டுகிறோம். வாளியைக் கழுவுவது மட்டும் கூடுதல் வேலை. மிச்சமிருக்கும் பதினொரு பச்சைப் பைகள் உலர் குப்பைக்குப் போகின்றன. அவற்றைத் தனியே கட்டி, இது பிளாஸ்டிக் என்று சொல்லியே பணியாளரிடம் கொடுக்கிறோம்.

தொட்டியிலிருந்து தோண்டிய துண்டின் படங்களையும் நிறுவனத்தின் மூன்று கடிதங்களையும் புகாரோடு இணைத்திருக்கிறேன். உறையின் வாசகத்தை மாற்றினாலோ முழுமையான ஆய்வறிக்கையை அனுப்பினாலோ, அதையும் சேர்த்து இந்த மதிப்புரையைத் திருத்தி எழுதுவேன். தொட்டித் துண்டை மீண்டும் அதே இடத்தில் புதைத்து, தேதி எழுதிய குச்சி ஒன்றையும் நட்டு வைத்திருக்கிறேன்.